முறுக்கு மாறிய கம்பி

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் எங்கள் ஷெட் இருந்தது. எங்கள் என்றால் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பொதுவானது. எஞ்சினைப் பிரிப்பதும் பூட்டுவதும் மச்சான் வேலை. டீசல் பம்பும், டீசலைத் தூவுகிற நாசிலும் என் வேலை. இது போக, பேசுவதும் அவன் வேலைதான்.

எனக்குப் பேச வராது. நாவில் குறை எதுவும் இல்லை. நாலு பேர் முன்னால் நின்றால் வார்த்தை கோவையாக வராது, அவ்வளவுதான். செகந்திராபாத்தில் பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தார், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். பேசாமல் செய்யக்கூடிய வேலையாகப் பார்த்து என்னை டீசல் பம்பு கடையில் சேர்த்துவிட்டார். அது எனக்குப் பிடித்துப்போனது.

டீசல் எஞ்சினில் நெருப்பு வைக்க ஒன்றும் கிடையாது. பெட்ரோல் வண்டியில் பிளக் பொறி விடும். டீசலில் பிஸ்டன் வெறும் காற்றை இழுத்து, அதை நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும், எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அதேதான், பல மடங்கு. அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோலத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். எப்போது தூவுவது, எவ்வளவு தூவுவது என்று முடிவு செய்வது பம்பு. உள்ளே இருக்கும் காற்றுக்கு எவ்வளவு டீசல் எரியுமோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கரும்புகை வரும். ஆனால் வண்டி நன்றாக இழுக்கும். இழுப்பதால் ஓட்டுகிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

அதனால்தான் பம்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. இதற்கு மேல் டீசல் போகாது என்று தடுத்து நிறுத்தும் ஸ்க்ரூ. புதிதாக வருகிற வண்டிகளில் இதெல்லாம் கம்ப்யூட்டர் கையில் போய்விட்டது. மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருபவை பெரும்பாலும் பழைய வண்டிகள். அவற்றில் அந்த ஸ்க்ரூ மெக்கானிக்கின் கையில்தான் இருக்கிறது.

நான் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டுவேன். எதிரே வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் போக வேண்டிய டீசல் ஒவ்வொரு குழாயில் விழும். எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், அதுவும் அந்த வண்டிக்கு உரிய மட்டத்தில். சரியாக வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கி, அதன் துளையில் மெல்லிய கம்பி கோத்து முறுக்கி, கம்பி நுனியில் ஈயக்குண்டு வைத்துக் குறட்டால் அழுத்துவேன். அந்தக் குறட்டின் வாயில் ஒரு சின்ன மீன் வெட்டியிருக்கும். ராணிகஞ்ச் கடைவீதியில் சொல்லிச் செய்தது. ஈயத்தில் அந்த மீன் பதியும். அதற்குப் பிறகு ஸ்க்ரூவைத் தொட வேண்டுமானால் சீலை உடைத்தாக வேண்டும்.

மார்க்கெட்டில் அதற்கு 'மச்லி சீல்', அதாவது மீன் சீல், என்றே பெயர் விழுந்துவிட்டது. பழைய வண்டி வாங்க வருகிறவர்கள்கூட எஞ்சின் பக்கம் குனிந்து மச்லி சீல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று மச்சான் வந்து சொல்வான். நான் நாசிலைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அன்றைக்கெல்லாம் மனது நிறைந்திருக்கும். மார்க்கெட்டில் என் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த மீனைத் தெரியும். எனக்கு அது போதும் என்று இருந்தது.

டீசலைக் கூட்டி வைக்கச் சொல்லி வண்டிக்காரர்கள் கேட்பதுண்டு. நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்பிக்கொள்வேன். வெளியே மச்சான் அவர்களைச் சமாதானப்படுத்துவது கேட்கும். "மாமாகிட்ட அதெல்லாம் நக்கோ. அவரு கேக்க மாட்டாரு." நக்கோ என்றால் வேண்டாம், எங்கள் ஊர்ப் பேச்சு. பிறகு சிரிப்புச் சத்தம். என் பிடிவாதத்தைப் பெருமையாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு கோடையில், விகாராபாத் பக்கத்திலிருந்து தக்காளி ஏற்றி வருகிற ஒரு பெரியவரின் வண்டியை இன்னொரு வண்டி கட்டி இழுத்து வந்தது. அவருக்கு அந்த ஒரு வண்டிதான். மேடு ஏறும்போது எஞ்சின் தடதடவென்று அடித்து நின்றுவிட்டதாம். மச்சான் எஞ்சினைப் பிரித்தான். ஒரு பிஸ்டனின் தலையில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகுபோல் உருகி வழிந்து உறைந்திருந்தது. இன்னொன்றும் உருக ஆரம்பித்திருந்தது. அந்தப் பம்பு நான் செட் செய்து கொடுத்தது. சீல் உடையாமல் இருந்தது. அதுதான் எனக்கு எதிராக நின்றது. சீல் உடைந்திருந்தால் வேறு யாரோ கை வைத்தார்கள் என்று சொல்லலாம். மீன் அப்படியே இருந்தால் தப்பு என் கண்ணாடிக் குழாயில்தான்.

மார்க்கெட் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் வண்டிக்காரர்கள் கூடினார்கள். எல்லாரும் மச்சானைத்தான் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. நான் மச்சான் பின்னால் நின்றேன். பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தெலுங்கில் பேசினான். மாமாவின் கை தங்கமான கை, ஆனால் வயது ஆகிறது, கொஞ்ச நாளாகக் கண் சரியில்லை, குழாயில் மட்டம் பார்ப்பதில் தவறியிருக்கலாம், வேண்டுமென்று செய்கிற மனிதரில்லை, எஞ்சினை நாங்களே சரிசெய்து கொடுக்கிறோம் என்றான். இவ்வளவையும் கையெடுத்துக் கும்பிட்டபடி சொன்னான். பிறகு திரும்பி, தாழ்ந்த குரலில் என்னிடம், "மாமா, நீங்க டென்ஷன் நக்கோ. நான் பேசிட்டேன்ல" என்றான்.

என் கண் சரியில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மறுத்துப் பேச வாய் வரவில்லை. அதைவிட, அவன் சொன்னதை நான் நம்பிவிட்டேன். மச்சான் ஏன் பொய் சொல்லப்போகிறான்? என்னைக் காப்பாற்றத்தானே பேசினான்? வீட்டுக்குப் போவதற்குள் என் மனைவிக்கும் தம்பி போனில் சொல்லிவிட்டிருந்தான். அவள் கோபப்படவில்லை. கண்ணைக் காட்டிட்டு வாங்க என்றாள், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி வரச் சொல்வதுபோல. என் மகள் ஹிந்தியில் ஏதோ சொல்லி, போனில் கண் மருத்துவமனை எங்கே என்று தேட ஆரம்பித்தாள்.

போய்க் காட்டினேன். படிக்கிற கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்தார்கள், இந்த வயதில் எல்லாருக்கும் கொடுப்பதுதான். வேறு குறை ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஷெட்டில் வேலைக்கு வந்த பம்புகளைத் தொட பயமாக இருந்தது. ஒரே பம்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். மட்டம் சரியாகத்தான் தெரியும். சரியாகத் தெரிவதே கண்ணின் தப்போ என்று மறுபடி ஓட்டுவேன். மச்சான் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

பெரியவரின் பம்பு அலமாரியில் கிடந்தது. அதைப் பார்க்கவே பிடிக்காமல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். மச்சான் உதிரி சாமான் வாங்க ராணிகஞ்ச் போயிருந்த ஒரு மதியம் அதை எடுத்து, சீலைத் தொடாமல் அப்படியே பெஞ்சில் ஏற்றினேன். எந்தக் குழாயில் தவறினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

ஓட்டினேன். எல்லாக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் நின்றது. மயிரிழை வித்தியாசம் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் நான் வைத்த இடத்துக்கு மேலே நின்றது.

என் கண் தவறியிருந்தால் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். எல்லாம் ஒன்றுபோலக் கூடியிருக்கிறது என்றால் ஸ்க்ரூவைத் திருப்பியிருக்கிறார்கள். சீல் உடையாமல் ஸ்க்ரூவை எப்படித் திருப்புவது? விளக்கைக் கீழே இழுத்து, புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீலைப் பார்த்தேன். ஈயத்தில் மீன் இருந்தது. என் குறட்டின் மீன்தான். பிறகுதான் கம்பியைப் பார்த்தேன்.

நான் இடதுகைக்காரன். கம்பியை இடதுகையால் முறுக்கினால் புரி ஒரு பக்கமாகச் சாயும். வலதுகைக்காரர்கள் முறுக்கினால் மறுபக்கம் சாயும். கயிறு திரிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள். அந்தக் கம்பியின் புரி மறுபக்கம் சாய்ந்திருந்தது.

குறடு என் மேஜை இழுப்பறையில் இருக்கும். ஷெட் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று அவனிடம்.

அப்போதும் மனது ஒப்பவில்லை. இந்த ஒரு வண்டிக்கு ஏதோ அவசரத்தில் செய்திருப்பான், பெரியவர் கெஞ்சியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போனேன். வண்டிகள் லோடு இறக்கி, ஓட்டுநர்கள் டீ குடிக்கப் போயிருக்கிற நேரம். தெரிந்த வண்டிகளாகப் பார்த்து, எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. மெக்கானிக் எஞ்சினைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? முதல் வண்டியில் கம்பி மறுபக்கம் சாய்ந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. கத்திரிக்காய் வண்டி, முட்டைக்கோஸ் வண்டி, மதனப்பள்ளித் தக்காளி வண்டி. ஒன்றே ஒன்றில் என் முறுக்கு இருந்தது. அதுவும் இந்த வாரம்தான் செட் செய்து கொடுத்தது.

அழுகிய முட்டைக்கோஸ் இலை சிதறிக் கிடந்த தரையில் அப்படியே நின்றேன். இந்த வண்டிகளை எல்லாம் நான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாலையில் ஏதாவது ஒன்று போனால் மனைவியிடம், "அது நம்ம பம்பு" என்று சொல்வேன். அவள் சரி என்பாள். எதுவும் என் பம்பு இல்லை. என் பெயரில் ஓடிய பம்புகள்.

அன்று ஷெட்டில் அவனைக் கேட்டேன். நான் கேட்டது இரண்டே வார்த்தை. "நீதானா திருப்பினது?"

அவன் மறுக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டே, "ஹவ் மாமா" என்றான், ஆமாம் என்று. ஏன் என்று கேட்டதற்கு என்னை ஒரு விவரம் தெரியாத ஆள்போலப் பார்த்தான். "நீங்க வெக்கிற செட்டிங்ல லோடோட மேடு ஏறாது மாமா. அவங்க அளவுக்கு மேல ஏத்தறாங்க, என்ன பண்றது? கூட்டிக் குடுக்கறவன்கிட்டதான் வருவாங்க. ஆனா உங்க சீல் இருந்தாதான் வண்டிக்கு மதிப்பு. ரெண்டும் வேணும்னா வேற வழி சொல்லுங்க."

எப்போது செய்வாய் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றான். ஞாயிற்றுக்கிழமை ஷெட் விடுமுறை. நான் வீட்டில் இருப்பேன். அவன் மட்டும் வந்து ஷெட்டைப் பெருக்கித் துடைத்து வைப்பதாகச் சொல்லியிருந்தான். தங்கமான பிள்ளை என்று என் மனைவியிடம் அவள் தம்பியைப் புகழ்ந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். கையில் டீசல் வாசனை இருக்கும். ஷெட்டைக் கழுவியதால் என்று நினைத்துக்கொண்டு சோப்பு எடுத்துக் கொடுப்பேன்.

"டீக்கடையில என் கண்ணு சரியில்லன்னு ஏன் சொன்ன?"

அவன் கழிவுத்துணியை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு, "உங்களுக்கு யாருகிட்டயும் பேச வேணாம். எனக்கு தினம் அவங்ககூட பேசணும்" என்றான்.

பெரியவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் என்னை என்ன நினைப்பார்? குருட்டு மெக்கானிக் ஒருவன் தன் ஒரே வண்டியைக் கொன்றுவிட்டான் என்று நினைப்பார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், மார்க்கெட் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று எண்ணினேன். அந்தக் கம்பியை வெட்டி எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன். அவர் மார்க்கெட்டில் வேறொருவர் வண்டியில் வந்த தக்காளிக் கூடைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த தெலுங்கில், திக்கித் திணறி, கம்பியைக் காட்டிச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு அந்நியரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான்.

அவர் கம்பியைப் பார்க்கவில்லை. ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்து, ஒதுக்கி வைத்தார். "தெலுசு தம்முடு" என்றார். தெரியும் தம்பி என்று.

தெரியுமாம். அவரே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லித் திருப்ப வைத்தாராம். அங்கே எல்லாருக்கும் தெரியுமாம். டீக்கடையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சங்கடத்தோடுதான் சொன்னார். சொன்னால் உன் மச்சான் இனி யாருக்கும் செய்யமாட்டான், எல்லா வண்டியும் மேட்டில் நிற்கும், மற்றவர்கள் என்னை விடுவார்களா என்றார். பிறகு, நீ கோபக்காரனில்லை, தாங்கிக்கொள்வாய் என்று எல்லாரும் நினைத்தோம் என்றும் சொன்னார். எழுந்தபோது ஒரு பையில் நல்ல பழமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது டீக்கடைக் கூட்டம் மறுபடி கண்முன் வந்தது. அங்கே இருந்த ஒவ்வொருவர் வண்டியிலும் திருப்பின ஸ்க்ரூ. ஒவ்வொருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடி டீ குடித்தார்கள். பின்னால் நின்ற எனக்கு மட்டும் தெரியாது. மச்சான் ஒருவன் செய்திருந்தால் அவன் ஒருவனை வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

மனைவியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். அவன் செய்தது தப்பு என்றாள். தக்காளிப் பையைப் பிரித்தபடி, "அவனும் புள்ளகுட்டிக்காரன்தானே" என்றாள். தக்காளியைக் கழுவி அன்றைக்கே தொக்கு வைத்தாள். எனக்கு அது இறங்கவில்லை.

பெஞ்சையும் குழாய்களையும் எடுத்துக்கொண்டு குஷாய்குடா பக்கம் வந்துவிட்டேன். சின்ன இடம். அடுக்குமாடி வீடுகளின் ஜெனரேட்டர் பம்புகள் வருகின்றன, எப்போதாவது ஒரு டிராக்டர். ஜெனரேட்டருக்கு மேடு ஏற வேண்டியதில்லை. அதனால் யாரும் கூட்டிக் கேட்பதில்லை. வருகிறவர்களிடம் நானே பேச வேண்டியிருக்கிறது. பேசுகிறேன். போவன்பள்ளிக் குறடு அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் இன்னும் அந்த மீனைப் பதித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அங்கே என்னைப் பற்றிக் கேட்டால், கண் போனதால் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்கிறார்களாம்.

போன தை மாதம் மச்சான் மகளுக்கு நிச்சயதார்த்தம், போலாரத்தில் ஒரு மண்டபத்தில். நான் வரவில்லை என்றேன். தாய்மாமன் வீட்டு உறவில் இப்படிச் செய்தால் நம் பிள்ளைக்கு நாளைக்கு யார் நிற்பார்கள் என்றாள் மனைவி. போனேன். பந்தியில் எனக்கு எதிர்வரிசை முழுக்க மார்க்கெட் ஆட்கள். பெரியவரும் இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்த மச்சான் முந்திக்கொண்டான். "எங்க மாமா. பெரிய பம்பு மெக்கானிக்கா இருந்தவரு. கண்ணு கொஞ்சம் ப்ராப்ளம், இப்ப ரெஸ்ட்ல இருக்காரு."

பழக்கம் விடாது. என் வாய் மூடியேதான் இருந்தது. ஆனால் அந்த மாப்பிள்ளை வீட்டார் என் முகத்தருகே குனிந்து, சத்தமாக, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல, ஆபரேஷன் செய்துகொள்ளலாமே என்று கேட்டார்.

"என் கண்ணு நல்லா இருக்கு" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "குஷாய்குடால ஷெட் வெச்சிருக்கேன். தினம் வேலை செய்றேன். அந்தப் பிஸ்டன் என்னால உருகல. இவன் திருப்பினான். எதிர்ல உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் அது தெரியும்."

தெலுங்கிலும் ஒருமுறை சொன்னேன், அவர்களுக்குப் புரியட்டும் என்று.

எதிர்வரிசையில் யாரும் நிமிரவில்லை. பெரியவர் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார். மனைவி என் முழங்கையைத் தொட்டாள். அழுத்தவில்லை, தொட்டாள், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ குடும்பத் தகராறு என்று முடிவு செய்துகொண்டு தன் இலைக்குத் திரும்பினார். பந்தியின் கடைக்கோடியில் ஒருவர் ரசம் கேட்டார்.

மச்சான் வாளியை மாற்றிக்கொண்டு ரசத்தோடு வந்தான். கேட்டவரை விட்டுவிட்டு என் இலைக்குத்தான் முதலில் வந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது, வந்தவர்களுக்காக வைத்துக்கொண்ட சிரிப்பு. ஊற்றினான். போதும் என்று இலைக்கு மேல் கையைக் காட்டினேன். "மாமா, இன்னும் கொஞ்சம்" என்று என் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, ரசம் இலையைத் தாண்டி வழிய, அவன் இன்னொரு கரண்டி ஊற்றினான்.